வெள்ளிக்கிழமைக் கூழ்

பெர்னடெட்டுக்கு வாயும் பெரிது, அகப்பையும் பெரிது. குருநகரில் இந்த இரண்டையும் அறியாதவர்கள் இல்லை. கோயில் திருநாள் முடிந்த மறுநாள் நாற்பது பேர் சேர்ந்தால், கூழ் காய்ச்ச அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவளும் கூப்பிடும்வரை காத்திருக்கிற ஆள் இல்லை. கிடாரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டு, அங்கே நிற்கிற எல்லாருக்கும் வேலை கொடுப்பாள். ஒருவர் பலாக்கொட்டை உரிக்க வேண்டும், ஒருவர் முருங்கையிலை உருவ வேண்டும், ஒருவர் நண்டு உடைக்க வேண்டும். சும்மா நின்றவனுக்குக் கூழ் கிடையாது. யாழ்ப்பாணத்தில் எந்த வீட்டிலும் கூழ் அப்படித்தான் காய்ச்சப்படுகிறது. அது ஒருத்தி தனியாகச் சமைத்துப் பரிமாறுகிற சாப்பாடு இல்லை.

அந்தக் கூழைக் கடையில் வைத்து விற்கப் போகிறேன் என்று தொண்ணூற்றுமூன்றாம் ஆண்டு அவள் சொன்னபோது, முதலில் சிரித்தவன் அவள் புருஷன் கனிசியஸ்.

"எடியே, கூழை ஆரும் கடையில இருந்து குடிப்பினமோ? அது வீட்டு முத்தத்தில சொந்தக்காரரோட வட்டமாயிருந்து குடிக்கிற சாமான்."

"வீட்டு முத்தம் இல்லாத ஆக்கள் ரவுணுக்குள்ள எத்தினை பேர் இருக்கினம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?" என்றாள் அவள்.

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. முன்பெல்லாம் பட்டணத்தில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சைவக் கடை, அசைவக் கடை, பொழுதுபட்டால் கொத்துரொட்டி தட்டுகிற சத்தம் என்று தெரு முழுக்க ஒரே மணம்தான். பிறகு பஸ் நிலையப் பக்கம் ஷெல் விழுந்து விழுந்து பாதிக் கட்டிடங்கள் கூரையில்லாமல் நின்றன. முச்சந்தியில் இருந்த யாக்கூப் நானாவின் புரியாணிக் கடை தொண்ணூறில் பூட்டியது. முஸ்லிம் சனம் முழுவதையும் ஆயுதம் ஏந்திய இயக்கம் இரண்டே மணி நேரத்தில் ஊரைவிட்டுத் துரத்திய நாள் அது. அந்த வெட்கக்கேட்டைப் பற்றி யாரும் உரத்துப் பேசவில்லை, கடையும் திறக்கவில்லை. மிஞ்சிய கடைகளில் சீனி இல்லை, கோதுமை மா இல்லை, உழுந்து இல்லை. தோசை என்று தட்டில் வந்ததைப் பார்த்துத் தோசையே வெட்கப்பட்டிருக்கும். ஆனால் பனை இருந்தது. பனங்கிழங்கைக் காயவைத்து இடித்துக் கூழுக்குக் கரைக்கிற ஒடியல் மாவுக்கு யாரும் தடை போட முடியவில்லை.

கடலுக்குத் தடை போட்டிருந்தார்கள். கனிசியஸின் வள்ளம் மூன்று வருடமாகக் கரையில் கவிழ்ந்து கிடந்தது. பரவைக்கடலில் இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுத்தால் கொஞ்சம் நண்டு, கொஞ்சம் இறால், கை நிறையச் சின்ன மீன் வரும். மற்றதெல்லாம் நிவாரணம். மாதத்தில் இரண்டு நாள் பெர்னடெட் அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பாள். மேசையில் இருக்கிறவன் முகத்தை நிமிர்த்தாமலே "அடுத்த ஆள்!" என்பான். நாற்பது பேருக்குக் கூழ் ஊற்றிய கை, அவன் முன்னால் உரப்பையை விரித்துப் பிடிக்கும். ஒருநாள் வீட்டுக்கு வந்து பையைப் பொத்தென்று போட்டுவிட்டுச் சொன்னாள்: "நான் வரிசையில நிண்டது காணும். இனி மற்றவை எனக்கு முன்னால வரிசையில நிக்கட்டும்."

கஸ்தூரியார் வீதியிலிருந்து பிரிகிற ஓர் ஒழுங்கையில், மூன்று கதவுக் கட்டிடம் ஒன்றில் நடு அறை காலியாக இருந்தது. சொந்தக்காரர் உடுப்பிட்டி சண்முகநாதன், ஓய்வுபெற்ற நில அளவையாளர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் மண்ணெண்ணெயில் ஓடும் மினிபஸ்ஸில் வருவார். நல்லூர்க் கோயிலில் கும்பிட்டுவிட்டு, மத்தியானம் கட்டிடத்தை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவார்.

"எங்கடை ஆக்கள் கடையில கூழ் குடிப்பினமோ எண்டு எனக்குத் தெரியேல்லைப் பிள்ளை. அதிலும்..." என்று இழுத்தார்.

அந்த இழுவைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவளுக்குத் தெரியும். குருநகர்க் கடற்கரைக்காரியின் கையால் எங்கள் ஆட்கள் வாங்கிக் குடிப்பார்களா என்பதுதான். படித்த மனிதர், வாய்விட்டுச் சொல்லக் கூசினார். அவரை நான் மெச்சவில்லை, ஆனால் கூசியதற்காகக் கொஞ்சம் மன்னிக்கலாம்.

"ரெண்டு வெள்ளி பாப்பம்," என்றார் கடைசியில். "நான் வரேக்கை கடை நிறைஞ்சிருந்தால் பலகையை அடி. இல்லாட்டி, சைக்கிள் திருத்திறவன் அறையைக் கேட்டுக்கொண்டு நிக்கிறான்."

கனிசியஸ் சிரிப்பதை விட்டுவிட்டு, வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்ற்றில் ஒரு பலகை எழுதினான். "பெர்னடெட் கூழ்க்கடை." எழுத்து சரிந்திருந்தாலும் அழகாயிருந்தது. அவள் அதைக் கதவுக்குப் பின்னால், எழுத்துச் சுவரைப் பார்க்கச் சாத்தி வைத்தாள்.

இனி அவள் செய்த மடைத்தனத்தைச் சொல்ல வேண்டும்.

மாதத்தின் முதல் வெள்ளி கத்தோலிக்கருக்கு இயேசுவின் திரு இருதயத்துக்கு உரிய நாள். அன்றைக்கே அவள் கடையைத் திறந்தாள். சுவாமியார் வந்து செபம் சொல்லிக் கடையை மந்திரித்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை இறைச்சி தொடக்கூடாது, ஆகவே மீன் கூழ் அந்த நாளுக்கென்றே செய்தது போலப் பொருத்தம் என்று பெர்னடெட் நினைத்தாள். கனிசியஸ் விடிய முன்னம் கொண்டுவந்த நண்டையும் இறாலையும் கிடாரம் நிறையப் போட்டாள். ஒழுங்கை முழுக்க மணந்தது. மணி பன்னிரண்டு ஆயிற்று. கந்தோர்கள் விட்டன. வெள்ளைச் சேட்டுப் போட்ட கிளாக்கர்மார், நெற்றியில் திருநீற்றோடு, கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வந்து, அவள் வாசலைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதிரே இளையதம்பியின் சைவக் கடைக்குள் நுழைந்தார்கள்.

இளையதம்பி தன் கடை வாசலுக்கு வந்து, இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டார். "என்ன பிள்ளை, வெள்ளிக்கிழமையில நண்டோ?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேதக்காரருக்கு வெள்ளி என்றால் இறைச்சி இல்லை. சைவக்காரருக்கு வெள்ளி என்றால் மீன் செதிலே வீட்டுக்குள் வராது. இது அவளுக்குத் தெரியாததா? வெள்ளியில் மீன் விலை போகாது என்று கனிசியஸ் இருபது வருடமாகப் புறுபுறுத்ததைக் கேட்டுக்கொண்டே குடும்பம் நடத்தியவள். அன்றைக்கு அவள் மண்டைக்குள் தன்னுடைய வெள்ளி மட்டும்தான் இருந்தது. தலையில் கைவைத்துக்கொண்டு வாங்கிலில் குந்திவிட்டாள்.

சண்முகநாதன் வந்தார். ஆளில்லாத வாங்கில்களைப் பார்த்தார். வேட்டித் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். "இன்னும் ஒரு வெள்ளி இருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கிடாரம் தள்ளுவண்டியில் ஏறிக் கோயில் வளவுக்குப் போயிற்று. அங்கே இடம்பெயர்ந்து தங்கியிருந்த சனம் வயிறு நிறையக் குடித்து, அவளை வாழ்த்தியது. வாழ்த்தைக் கேட்டுக்கொண்டே அவள் அடுத்த வெள்ளியைப் பற்றி யோசித்தாள்.

சனியிலிருந்து வியாழன் வரை கடையில் ஆள் இருந்தது. மூட்டை தூக்குகிறவர்கள் வந்தார்கள், குருநகர் ஆட்கள் வந்தார்கள். கிளாக்கர்மாரிலும் இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டு வந்து, தலையை நிமிர்த்திக்கொண்டு போனார்கள். அதையெல்லாம் யார் கண்டது? உடுப்பிட்டி மனிதர் வெள்ளியில்தானே வருவார். வெள்ளியன்று கடை நிறையாவிட்டால் அந்தப் பலகை சுவரைப் பார்த்தபடியே குருநகருக்குத் திரும்ப வேண்டியதுதான், அவளும் அட்டையோடு வரிசைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

வியாழன் பின்னேரம் மீன் கிடாரத்தை வீட்டுக்கு அனுப்பினாள். கடையை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். புது மண்பானை மூன்று, புது அகப்பை இரண்டு, ஒருதரம் குடித்துவிட்டு எறிகிற பனையோலைப் பிளா ஒரு கட்டு வாங்கினாள். மரக்கறிக் கூழ் காய்ச்சுவதென்று தீர்மானம். கடைக்கு வந்த எல்லாரிடமும் அதைச் சொல்லியும் அனுப்பினாள். வெள்ளி காலை, கடை வாசலிலேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினாள். உள்ளே வைத்தால், என்ன போடுகிறாளோ என்று சந்தேகப்படுவார்கள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, மரக்கறியைத் தவிர. கொடிகாமத்திலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வருகிறவர், குண்டு போடுகிற பொம்மர் வானத்தில் சுற்றிய நேரம் எங்கோ வேலியோரம் படுத்துக் கிடந்துவிட்டு, பதினொன்றரைக்குத்தான் வந்து சேர்ந்தார். பயத்தங்காய், மரவள்ளிக்கிழங்கு, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் ஒரே குவியலாக வாசலில் கிடந்தன. பானையில் தண்ணீர் கொதித்தது. கனிசியஸ் கடலில் நின்றான். அவளுக்கு இருந்தது இரண்டு கை.

கந்தோர் விட்டது. முதல் ஆளாக வந்தவர் கிளாக்கர் செல்வரட்ணம். நெல்லியடிக்காரர், கிழமை நாட்களில் பட்டணத்தில் அறை எடுத்துத் தங்கிக் கடைச் சாப்பாட்டில் நாக்குச் செத்தவர். அவர் வாசலில் நின்று பானைக்குள் எட்டிப் பார்த்தார்.

"உண்மையாய் மீன் இல்லையோ?"

அவருக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர் அதே கேள்வியோடு நின்றார்கள். எதிர்ப்பக்கம் இளையதம்பி தன் வாசலில் நின்று பார்த்தார்.

பெர்னடெட்டுக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை. கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. கோயில் வளவில் நிற்கிற நினைப்பில், சுளகைத் தூக்கி அவர் கையில் வைத்தாள்.

"கிளாக்கர் ஐயா, நிண்டுகொண்டு கேள்வி கேக்காமல் இந்தப் பலாக்கொட்டையை உரியுங்கோ. சும்மா நிக்கிறவைக்குக் கூழ் இல்லை!"

சொன்ன பிறகுதான் யாருக்குச் சொன்னோம் என்று திடுக்கிட்டாள். கந்தோர்க்காரர். கடைக்கு வந்த மனிதர். ஆனால் செல்வரட்ணம் வாங்கிலில் இருந்துவிட்டார். அவருடைய கை தானாகவே ஒரு கொட்டையை எடுத்து, நகத்தால் கீறி, தோலைக் கழற்றியது. நெல்லியடி வீட்டில் கூழ் காய்ச்சுகிற நாளில் அவருக்கு அதுதான் வேலை.

"என்ரை மனுசியும் இப்பிடித்தான் வெருட்டுவா," என்றார். முகம் மலர்ந்துபோயிற்று.

அடுத்தவருக்கு முருங்கையிலைக் கட்டு. அதற்கடுத்தவருக்குப் பயத்தங்காய். கை கழுவ வாளியில் தண்ணீர். ஐந்து நிமிடத்தில் வாங்கில் இரண்டும் நிறைந்து, ஆட்கள் ஒழுங்கையில் குந்தியிருந்து மரவள்ளி சீவினார்கள். ஒருவர் பயத்தங்காயை நீளமாக முறிக்கிறார் என்று இன்னொருவர் குறை சொன்னார். தன் கையால் உரித்துத் தன் கண் முன்னால் பானைக்குள் விழுந்த பலாக்கொட்டையில் யார் மீனைத் தேடுவான்? யாருடைய பானை என்று கேட்கவும் இப்போது வழியில்லை. அது எல்லாருடைய பானையும் ஆகிவிட்டது. பெர்னடெட் ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றினாள், அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்துத் துழாவினாள். மணம் கிளம்பியதும் எதிர்க் கடையில் சாப்பிட உட்கார்ந்தவர்களும் எழும்பி வந்தார்கள்.

முதல் பானை கால் மணி நேரத்தில் முடிந்தது. இரண்டாவது பானைக்கு ஆட்கள் கேளாமலே சுளகை இழுத்து வைத்துக்கொண்டார்கள். தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு, பிளாவை இரண்டு கையாலும் ஏந்தி, மூக்கால் தண்ணீர் வடிய உறிஞ்சினார்கள். பெர்னடெட்டுக்கு உள்ளே சந்தோஷம் பொங்கியது. வெளியே அதட்டிக்கொண்டுதான் நின்றாள்.

சண்முகநாதன் வந்தபோது கடைக்குள் நுழைய வழியில்லை. நல்லூர்ச் சந்தனம் காயாத நெற்றியோடு வாசலில் நின்று, தலைகளை எண்ணத் தொடங்கினார்.

"ஐயா, வாசலை மறைக்காதேங்கோ," என்று ஒரு கட்டு முருங்கையிலையை அவர் கையில் திணித்தாள் பெர்னடெட். "உருவித் தாங்கோ. காம்பு விழாமல்."

அவர் வாயைத் திறந்தார். ஒழுங்கையே அவரைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கி, இலையை உருவினார். ஒரு காம்பும் விழவில்லை. மூன்றாவது பானை கொதித்து இறங்கியதும் மெல்லக் கேட்டார்.

"எனக்கும் ஒரு பிளா கிடைக்குமோ பிள்ளை?"

"ஓம் ஐயா, கிடைக்கும். வரிசையில நில்லுங்கோ."

நின்றார். மூட்டை தூக்குகிற ஒருவருக்குப் பின்னால், ஓய்வுபெற்ற நில அளவையாளர் நின்றார். முறை வந்ததும் வாங்கிக் குடித்தார். ஒரு மிடறு, இன்னொரு மிடறு. மிளகாய் ஏறிக் கண் கலங்கியது. பிளாவின் அடியில் கிடந்த பலாக்கொட்டையையும் விரலால் எடுத்துத் தின்றுவிட்டுச் சுற்றிப் பார்த்தார்.

"பலகை எங்கை?"

அந்த நேரம் பார்த்துக் கனிசியஸ் ஈரச் சாரத்தோடு வந்தான். சனிக்கிழமைக்குரிய நண்டுக்கூடையை ஒழுங்கை முடக்கிலேயே ஒளித்து வைத்துவிட்டு வந்த புத்திசாலி அவன். கதவுக்குப் பின்னாலிருந்து பலகையை எடுத்துத் திருப்பினான். ஒருவர் ஆணி கொண்டுவந்தார். செல்வரட்ணம் வாங்கிலைப் போட்டுக் கொடுத்தார். சண்முகநாதன் கீழே நின்று கண்ணைச் சுருக்கி, "இடப்பக்கம் அரை இஞ்சு பதியுது, தூக்கு" என்று அளவு சொன்னார். நீலப் பலகை கதவுக்கு மேலே ஏறி நின்றது.

பெர்னடெட் அண்ணாந்து ஒருமுறை படித்தாள். பிறகு அகப்பையோடு வரிசைப் பக்கம் திரும்பினாள். வாய்வரைக்கும் வந்த சொல் "அடுத்த ஆள்" என்பதுதான். அதை விழுங்கிவிட்டு, நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள். கையில் தன் கடைப் பித்தளை மூக்குப்பேணியோடு நின்றவர் இளையதம்பி.

"என்ரை கடையில ஒருத்தரும் இல்லைப் பிள்ளை," என்றார் அவர். "தனிய இருந்து நான் என்ன செய்யிறது?"

"வாங்கோ அண்ணை," என்று பேணி தளும்பத் தளும்ப ஊற்றினாள் அவள். "இருந்து குடியுங்கோ. குடிச்சிட்டு அடுத்த பானைக்குக் கிழங்கு சீவித் தரவேணும்."