அண்ணன் மாற்றி எழுத மறுத்த சொல்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணும், ஞாபகமும் பிசகும். அண்ணனின் நினைவு மலருக்காக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பிறந்தது முக்கூடலில். அப்பா சீக்கிரமே காலமானதால் அம்மா பீடி சுற்றி எங்கள் இருவரையும் வளர்த்தார்கள். வாலிபத்தில் மிஷன் தொழிற்பள்ளியார் அண்ணனை ஜெர்மனிக்கு அனுப்பி லேத் வேலை பழக்கினார்கள். திரும்பி வந்து அதே பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றார்கள்.

அப்புறம்தான் அந்த வேலை வந்தது. பழைய ஜெர்மன் ஐயர்மார், அதாவது குருப்பட்டம் பெற்ற பாதிரிமார், எழுதிய கடிதங்களை இங்கிலீஷில் எழுதித் தரும்படி சபை அலுவலகத்தில் கேட்டார்கள். குருப்பட்டம் கொடுப்பதற்கு அதில் ஒரு சொல். பட்டம் பெற்றவரை ஓர் ஊரில் அமர்த்துவதற்கு வேறு சொல். பட்டமில்லாத உபதேசியாரை நியமிப்பதற்கு இன்னொரு சொல்.

“ஏட்டி, ஊர் மாறும்போதெல்லாம் மறுபடி பட்டம் கொடுத்த மாதிரி முன்னால ஒருத்தர் இங்கிலீஷ்ல எழுதி வச்சிருக்காரு. சரியா?” என்று அண்ணன் என்னிடம் கேட்டார்கள்.

“என்னப் போய் கேக்கியளே! கல்யாணம் ஒரு தடவதான். குடிபோற ஊர்லெல்லாம் மறுபடியும் தாலியா கட்டுதாவ?”

அண்ணன் சிரித்த சிரிப்பில் கண்ணாடி மடியில் விழுந்தது. நான் சொன்னதையும் நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டார்கள்.

ஒரு நாள் எங்கள் பூட்டனாரைப் பற்றிய கடிதம் வந்தது. கல்லறைக் கல்லில் அவர் பெயரோடு ‘ஐயர்’ என்றுதான் இருக்கிறது. குடும்பத்துக்கே அது பெருமை. கடிதத்தில் இருந்ததோ உபதேசியாருக்கான சொல். பட்டம் கொடுக்கும்போது செய்வதுபோல் அவர் தலையில் கைவைத்து ஜெபித்ததாக ஒரு வரி கிடைக்காதா என்று அண்ணன் கடிதக் கட்டு முழுவதையும் மூன்று முறை தேடினார்கள். கிடைக்கவில்லை. காலரா கண்ட வீடுகளுக்குள் அவர் பயப்படாமல் போனார் என்ற வரிதான் கிடைத்தது.

சித்தப்பா மகனுக்குக் கோபம். “எண்ணே, ஒரு சொல்லுதான! மாத்தி எழுதுனா எந்த ஜெர்மன்காரன் வந்து கேக்கப் போறான்?”

“அவன் வரமாட்டாம்லே. நான் பூட்டனாரைப் போய்ப் பாக்கணும்லா.”

ஆறு மாதம் அந்தத் தம்பி பேசவில்லை. அண்ணன் படுக்கையில் விழுந்ததும் தினமும் இளநீரோடு வந்தான். “உபதேசியாராவே இருந்துட்டுப் போகட்டும்ண்ணே. நீங்க இதக் குடிங்க” என்றான். அண்ணன் இரண்டு மடக்கு குடித்தார்கள்.

அந்தத் தம்பிக்கும், கைத்தாங்கலாய் நடத்திய நர்சம்மாவுக்கும், வந்து ஜெபித்த எல்லாருக்கும் என் நன்றி.

ஒன்று மட்டும். இம்மலரின் முதல் பக்கத்தில் ‘ஐயர் வம்சம்’ என்று எழுதியிருப்பதாக அண்ணன் மகன் வாசித்துக் காட்டினான். அச்சுக்குப் போகுமுன் யாராவது அண்ணனின் நோட்டைப் பார்த்து, ‘உபதேசியார்’ என்று திருத்திவிடுங்கள்.