ஹமாமில் எண்ணெய்க் குளியல்

வியர்ப்பதற்கென்றே ஆட்கள் ஒரு கட்டிடத்துக்குள் போவதை நான் பம்பாயில்தான் பார்த்தேன். வெளியே மே மாத வெயில். தெருவில் நின்றாலே சட்டை நனைகிறது. அது போதாதென்று டோங்கிரிப் பக்கம் ஓர் இருட்டு மண்டபத்தில் கல்லைச் சூடாக்கி, ஆவியை அடைத்து, இடுப்பில் ஒரு துண்டோடு மல்லாந்து கிடக்கிறார்கள். அதற்குப் பெயர் ஹமாம். அரபு தேசத்துப் பழக்கம். குதிரை விற்க வந்தவர்கள் கூடவே கொண்டுவந்தார்களாம். குதிரைக்காவது உபயோகம் இருக்கிறது.

நானும் அங்கே போனேன். காரணம் என் மேல் அடித்த வாடை. தாராவித் தோல் பட்டறையில் நான்கு வருஷம் சுண்ணாம்புத் தொட்டிக்குள் நின்றவன் நான். தோல் வாங்க வந்த அரபு சேட் ஒருவர், நான் தடவிப் பார்த்தே ரகம் சொல்வதைக் கவனித்துத் தன் கடைக்குக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நிற்கிற வேலை. தொட்டியில் இறங்க வேண்டாம். "இந்த வாடையோடு வராதே. வெள்ளிக்கிழமை காலை ஹமாமுக்கு வா. நானும் அங்கேதான் இருப்பேன். குளி. பிறகு சொல்கிறேன்" என்றார்.

நல்ல காரியத்துக்குப் போகிறவன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பான். எனக்குத் தெரிந்த சுத்தம் அதுதான். நல்லெண்ணெயைக் காய்ச்சி உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை அப்பிக்கொண்டு, மடியில் சீயக்காய்ப் பொட்டலத்தோடு கிளம்பினேன். பட்டறைக் கூட்டாளி மைதீன், எங்கள் ஊர்ப் பக்கத்துப் பேட்டைக்காரன், இந்துஸ்தானி பேசத் துணைக்கு வந்தான்.

"என்னவே, பொரிக்கப்போற மீனு மாதிரி மினுங்குதீரு?" என்றான்.

அவனும் ஹமாமுக்குள் போனதில்லை. அதனால் தடுக்கவில்லை.

உள்ளே என்னைச் சூட்டுக்கல்லில் படுக்க வைத்தார்கள். தேய்த்துவிடுகிறவன் பஸ்ராக்காரன். வந்ததும் என் தோளில் கை வைத்தான். எங்கள் ஊர் வாய்க்காலில் மேலத்தெருக்காரர்கள் குளித்து இறங்கிய தண்ணீர்தான் எங்கள் துறைக்கு வரும். கரையில் எங்கள் நிழல் பட்டால் மறுபடியும் முங்குவார்கள். அவர்கள் சுத்தம் அப்படி. இவன் என் சாதியைக் கேட்கவில்லை. இரண்டு நிமிஷம் அந்தக் கை என் தோளிலேயே இருந்தது. அந்த இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஹமாமைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

வியர்வையில் ஊறிய அழுக்கை கையில் மாட்டிய முரட்டு ரோமப் பையால் தேய்த்துத் திரித் திரியாக உருட்டி எடுப்பது அவர்கள் முறை. எண்ணெய் உடம்பில் பை வழுக்கியது. சூட்டில் எண்ணெய் இளக, நான்கு வருஷச் சுண்ணாம்பும் ஆவாரம்பட்டையும் ஆட்டுத்தோலும் ஆவியோடு கிளம்பின. பக்கத்துக் கல்லில் கிடந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள்.

"தேல்? ஹமாம் மே தேல்?" என்று பஸ்ராக்காரன் கத்தினான். எண்ணெய் என்பது வரை எனக்கும் புரிந்தது. சமாளிக்கலாம் என்று சீயக்காயைப் பிரித்தேன். சமையல் மசாலா என்று நினைத்தானோ என்னவோ, பிடுங்கி எறிந்தான். மைதீன் குறுக்கே புகுந்து ஏதோ பேசினான்.

"என்னலே சொன்ன?"

"எங்க ஊர்ல சுத்தம்னா இதான்னு சொன்னேன்வே."

"அதுக்கு?"

"மாட்டையும் இப்படித்தான் குளிப்பாட்டுவியளாங்கான்."

மூலையிலிருந்து சேட் எழுந்து வந்தார். திட்டவில்லை. குனிந்து என் தோளை ஒரு தடவை முகர்ந்தார், தோல் வாங்குகிறவர் முகர்கிற மாதிரி. "இது போகாது. கடை வேண்டாம். பின்னால் கிடங்கில் இரு" என்றார். மைதீன் தமிழில் சொல்வதற்குள் அவர் தன் கல்லுக்குத் திரும்பிவிட்டார். தினம் இந்தத் தோலை விற்றுத்தான் அவர் அத்தர் பூசுகிறார்.

இரண்டு வருஷமாகக் கிடங்கில் இருக்கிறேன். ஊருக்குக் கடையில் வேலை என்று எழுதினேன். மேலத்தெருக்காரர் ஒருவர் தன் மகனுக்கு அங்கே இடம் கிடைக்குமா என்று ஆள்விட்டுக் கேட்டாராம். நான் பதில் போடவில்லை. கடைக்கும் கிடங்குக்கும் நடுவே ஒரு சாக்குத் திரை தொங்குகிறது. வாங்க வந்தவன் சந்தேகப்பட்டால் சேட் தோலைக் கடைப் பக்கம் திரையை ஒட்டித் தரையில் போட்டுக் குரல் கொடுப்பார். நான் திரைக்குக் கீழே கையை நீட்டித் தடவிப் பார்த்து, ரகம் சொல்வேன். வந்தவன் தலையாட்டி வாங்கிப் போவான். என் கை மட்டும் கொஞ்ச நேரம் கடைக்குள் கிடக்கும்.