எடுத்தாச்சுங்களா?

கேமராவை என் கையில் கொடுத்துவிட்டு மகள் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்தான்: "சும்மா வெச்சுட்டு பட்டன அமுக்குனா போதும்மா." இந்தச் 'சும்மா'வை நம்பித்தான் நான் கெட்டேன். அந்தக் கேமராவின் தலையில் ஒரு சக்கரம். முதுகெல்லாம் பொத்தான். ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரு வரிசை விரிகிறது, அதில் ஒன்றைத் தொட்டால் அதற்குள்ளிருந்து இன்னொரு வரிசை. வெளியே வர வழி தெரியாமல் நான் பேட்டரியைக் கழற்றி மாட்டியதெல்லாம் நடந்தது. லாரிக்காரர்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் நான், இந்தச் சக்கரத்தோடு முடியவில்லை.

காங்கேயத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. மட்டை உரித்த காயை இரண்டாக உடைத்துச் சிமெண்டுத் தரையில் வாய் மேலே பார்க்கப் பரப்பி வைப்போம். வெயிலில் பருப்பு சுருங்கிக் கொட்டாங்குச்சியை விட்டுக் கழன்றதும் தோண்டி எடுத்து, மறுபடி காயவைத்து எண்ணெய் மில்லுக்கு அனுப்புவோம். மகளுக்குக் கோயமுத்தூரில் கம்ப்யூட்டர் வேலை. தை பிறந்தால் கல்யாணம். மண்டபத்துப் பெரிய திரையில் மாப்பிள்ளையும் பெண்ணும் தென்னந்தோப்புக்குள் ஓடிப்பிடித்து விளையாடுகிற வீடியோ அவளுக்கு வேண்டாமாம். அவள் வளர்ந்த களத்தில் ஒரு பகல் எப்படிப் போகிறது என்று காட்ட வேண்டுமாம். டைம்லாப்ஸ் என்றாள். வாரம் முழுக்க அவள் அங்கே, களம் இங்கே. அதனால் எடுக்க வேண்டியவள் நான்.

உள்ளதைச் சொன்னால் எனக்கு அந்த வீடியோவே முக்கியமில்லை. என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது வேறு. போன வருஷம் என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கை ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சும் வந்துவிட்டது. காலுக்கு ஒரு நாலுகால் ஊன்றுகோல். அது இல்லாமல் எழ மாட்டேன் என்கிறார், எழுந்தாலும் நிற்க மாட்டேன் என்கிறார். பயிற்சி கொடுக்க வருகிற பிசியோ பெண், "காலுல பலம் வந்துருச்சுங்கம்மா, சார்தான் நம்ப மாட்டீங்கறாரு" என்கிறாள். இவரிடம் கேட்டால், "அவளுக்கென்ன தெரியும், நடுங்கறது எங்காலு" என்கிறார். யாரை நம்புவது? கூடவே இருக்கிற எனக்குத்தான் கொஞ்சமும் பிடிபடவில்லை. தினமும் பார்க்கிற முகத்தில் என்ன மாறியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி, சீர் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். பெண்ணைப் பெற்றவர் மண்டபத்து வாசலில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் கைகூப்பி "வாங்க, வாங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை விட்டுப்போனால், "நானும் போனேன், வாங்கன்னு ஒரு வார்த்த கேக்க ஆளில்ல" என்று வருஷக்கணக்கில் பேச்சு வரும். அந்த இடத்தில் தன் தம்பி நிற்பான் என்று இவர் முடிவு பண்ணிவிட்டார். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாற்காலி போட்டு உக்காந்துட்டுச் சொல்லுங்க" என்றேன். "உக்காந்துட்டு வாங்கங்கறதுக்கு நான் என்ன பெரிய பண்ணையாரா?" என்று சள்ளென்று விழுந்தார். என் கொழுந்தனார் நல்ல மனுஷர்தான். ஆனால் அன்றைக்கு இவர் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால் அப்படியே உட்கார்ந்துவிடுவார் என்று எனக்குப் பயம். இந்தப் பயத்தோடுதான் நான் கேமரா பழகினேன்.

மகள் போனில் பாடம் நடத்தினாள். "பத்து செகண்டுக்கு ஒரு போட்டோன்னு வெச்சுருக்கறேன்மா. அது பாட்டுக்கு எடுத்துட்டே இருக்கும்."

"அப்ப நான் எதுக்கு?"

"நீ அதத் தொடாம பாத்துக்கறதுக்கு."

காலைப் பலகாரம் ஆனதிலிருந்து மத்தியானச் சோறு வரைக்கும் எடுத்தேன். ஓட்டிப் பார்த்தால் அடுப்பில் பால் பொங்குவதற்குள் முடிந்துபோனது. மீதி எங்கே? கேமரா முழுங்கிவிட்டதா? போனில் கேட்டதற்கு மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மணிக்கணக்கில் எடுத்ததை நிமிஷத்தில் ஓட்டிக் காட்டுவதுதான் இந்த டைம்லாப்ஸின் வேலையாம். பாதிப் பகலை நான் வெயிலில் காவல் காத்ததற்குக் கிடைத்த கூலி இவ்வளவுதானா என்று எனக்குக் கோபமே வந்தது. அதிலும் படம் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தது. கார்த்திகை மேகம் ஒவ்வொன்று கடக்கும்போதும் கேமரா தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்திருக்கிறது. வெளிச்சத்தை நீயே ஒரே அளவில் வைத்து நிறுத்திவிடு என்றாள். வைத்து நிறுத்தினேன். களம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளையாக வந்தது. மறுநாள் குறைத்தேன், நடுப்பகல் அமாவாசையாக வந்தது. அதற்கடுத்த நாள் காற்றில் ஸ்டாண்டு ஆடி, களம் கப்பல் மாதிரி மிதந்தது. ஒரு பையில் நாலு தேங்காயைப் போட்டு ஸ்டாண்டின் நடுவில் தொங்கவிட்டேன். கற்றுக்கொண்டதிலேயே எனக்குக் குழப்பமில்லாமல் புரிந்தது அந்த ஒன்றுதான்.

ஒரு வழியாக வெளிச்சமும் சரியாகி, ஆட்டமும் நின்ற அன்றைக்கு எடுத்ததைப் பார்த்தால் களத்தில் ஆளே இல்லை. தேங்காய் கிடக்கிறது, நிழல் நகர்கிறது, காக்கை வந்து வந்து போகிறது. வேலைக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் எங்கே போனார்கள்? அன்றைக்கு எல்லோரும் வந்திருந்தார்களே, நான்தானே டீ ஊற்றிக் கொடுத்தேன்! கேமரா ஆளை எடுக்காதோ என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. மறுநாள் பக்கத்தில் நின்று கவனித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. போட்டோ எடுக்கும்போது குறுக்கே போனால் மரியாதையா? ஒருத்தி கூடையோடு களத்தின் ஓரமாகச் சுற்றிப் போகிறாள். மற்றவர்கள் கேமராவுக்கு இந்தப் பக்கம் வரிசையாக நிற்கிறார்கள். மூத்தவள் என் காதோரம் வந்து மெல்லக் கேட்டாள்.

"ஏனுங் அம்மணி, எடுத்தாச்சுங்களா?"

"அது போட்டோ இல்லீங்க. நீங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க."

"செரீங்க. எடுத்துட்டுச் சொல்லுங்க, போறோம்."

தலையில் அடித்துக்கொண்டேன். எடுத்து முடிவதே சாயங்காலம்தான் என்று நானும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். புரிந்தது என்று தலையாட்டுவார்கள், கேமரா பக்கம் வந்ததும் கால் நின்றுவிடும். ஒருத்தி முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி நின்று, நான் தலையாட்டிய பிறகே நகர்ந்தாள். நான்கைந்து நாள் கத்திக் கத்தித் தொண்டை வறண்ட பிறகுதான் அவர்கள் கேமராவை ஒரு கம்பமாக மதித்துக் குறுக்கே நடக்கப் பழகினார்கள். இத்தனையும் நடக்கும்போது வீட்டுக்காரர் உள்ளே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். அவருக்கு நான் எதையும் விளக்கவில்லை, அவரும் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை, காய் பரப்பி முடித்ததும் கேமராவை ஓடவிட்டேன். இவர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்தார். அதுவே அதிசயம்.

"ஏம்புள்ள, என்ன பண்ற?"

"எடுத்துட்டு இருக்கறனுங்க. பொண்ணு கல்யாணத்துக்கு."

அந்த நேரம் பார்த்துச் சமையல்காரர் வந்தார். கல்யாணச் சமையலுக்குச் சாமான் எழுத வேண்டும் என்று நானும் அவரும் உள்ளே உட்கார்ந்தோம். கோசுப் பொரியலா பீன்ஸ் பொரியலா என்பதில் ஆரம்பித்து, பாயசத்தில் வெல்லமா சர்க்கரையா என்பதில் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டு, கடைசியில் அவரை வழியனுப்பிவிட்டு வெளியே வந்தால் பேட்டரி தீர்ந்து கேமரா அணைந்திருந்தது. இவர் சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது.

"வெயில்ல எதுக்கு உக்காந்துட்டு இருக்கறீங்க? உள்ள போறதுக்கென்ன?" என்று நான் கத்தினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். களத்துப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். அன்று மத்தியானம் சோறு தின்றுவிட்டு நெடுநேரம் தூங்கினார். உடம்புக்கு என்னவோ என்று நான் இரண்டு முறை போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

சனிக்கிழமை மகள் வந்தாள். கேமராவிலிருந்து எடுத்து டிவியில் போட்டாள். மூன்று பேரும் பார்த்தோம். நல்ல வெளிச்சம், ஆட்டமில்லை, பெண்கள் எறும்புக் கூட்டமாகக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறார்கள். எனக்கே பெருமையாக இருந்தது. அப்புறம் இடது ஓரத்தில் வெள்ளையாக ஏதோ வந்து நின்றது. நின்றது நின்றபடி நகரவே இல்லை. மேகம் ஓடுகிறது, நிழல் ஓடுகிறது, பெண்கள் ஓடுகிறார்கள், அது மட்டும் அங்கேயே.

"என்னம்மா அது, கம்பமா?" என்றாள் மகள்.

"நான் எங்க கம்பம் நட்டேன்? கண்ணாடியில தூசியா இருக்கும். தொடச்சுத்தானே வெச்சேன்?"

அவள் பின்னுக்கு ஓட்டி, மெதுவாக விட்டாள். இவர்தான். முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டு, தோளில் துண்டு. வருகிறார். ஊன்றுகோலைத் தார்ப்பாய்க் குவியலுக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாதபடி சாய்த்து வைக்கிறார். திரும்பி நேராகப் பார்த்து நிற்கிறார். நின்றுகொண்டே இருக்கிறார். ஒருத்தி ஸ்டூலைக் கொண்டுவந்து வைக்கிறாள். இவர் கை அசைகிறது. ஸ்டூல் காணாமல் போகிறது. அவர் நிழல் தரையில் நீளமாகக் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாக அவர் காலடிக்குச் சுருங்கி, பக்கத்துத் தேங்காய் வரிசையை விட்டே விலகிவிட்டது. அவ்வளவு நேரம்! இடது கால் நடுங்குவதுகூடத் தெரிந்தது. ஆடினார். ஆடினாரே தவிர விழவில்லை, கையை எதன்மேலும் ஊன்றவில்லை. படம் தீரும்வரை நின்றார். பேட்டரி தீர்ந்துதான் படம் முடிந்தது, அவர் தீர்ந்து முடியவில்லை.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. இந்த மனுஷனுக்குக் காபி குடிக்கிற நேரம் நிற்க முடியாது என்றுதானே ஒரு வருஷமாக நான் கோவில் கோவிலாக வேண்டிக்கொண்டிருக்கிறேன்? அப்படியானால் வீட்டுக்குள் நடுங்கியது என்ன, களத்தில் நின்றது என்ன? எது நிஜம்? பிசியோ பெண் சொன்னதா, இவர் சொன்னதா, இந்தப் படமா? பதில் யாரிடம் கேட்பது என்று தெரியாமல் அவரிடமே கேட்டேன்.

"ஏனுங்க, உங்களுக்குப் பைத்தியமா புடிச்சுது? அத்தன நேரம் வெயில்ல எதுக்கு நின்னீங்க?"

அவர் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"நீதான புள்ள, பொண்ணு கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கறேன்னு சொல்லீட்டுப் போன. கல்யாணத்துல வெக்கற போட்டோவுக்குக் குச்சியப் புடிச்சுட்டா நிப்பாங்க? எப்ப வந்து சொல்லுவ, எப்ப வந்து சொல்லுவன்னு நானும் நின்னுட்டே இருக்கறேன். எடுத்தாச்சுன்னு நீ வந்து சொல்லவே இல்லியே."

அவர் நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் நின்றாரா, தன் காலைத் தானே சோதித்துப் பார்த்தாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்டால் சொல்கிற ஆளில்லை. ஆனால் அந்த நேரத்தில் என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"கல்யாணத்தன்னிக்கும் எடுத்தாச்சுன்னு நான் சொல்லமாட்டனுங்க."

அவர் என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்துவிட்டு, இடது முழங்காலைக் கொஞ்ச நேரம் நீவிக்கொண்டே இருந்தார். பிறகு மகளிடம் சொன்னார்.

"சித்தப்பனுக்கு ஒரு போனப் போடு கண்ணு. வாசல்ல நானும் உங்கம்மாளும் நின்னுக்கறோம், அவன் பந்தியப் பாத்துக்கட்டும்."