பீட்டர் செய்த அச்சு

இரும்பு சுட்ட மணம் தலைமயிரில் எத்தனை நாள் நிற்கும் என்பது எனக்குத் தெரியும்: இரண்டு முழுக்கு வரை நிற்கும். அம்மா டண்டினோங்கில், கார்களின் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர்கள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டிங் வேலை பார்த்தார். வெள்ளிக்கிழமை தலைமுழுகிக் கோயிலுக்குப் புறப்பட்டாலும், ஷாம்பூவுக்கும் எண்ணெய்க்கும் அடியில் அந்த மணம் மெல்லியதாக இருக்கும். பின் இருக்கையிலிருந்து நான் அதை மூச்சில் இழுப்பேன். எனக்குப் பதினொரு வயதான கோடையில் அந்த மணம் எங்கள் கிரான்பர்ன் வீட்டு வாசலுக்கே வந்து ஐந்து மாலைகள் தங்கியிருந்தது.

காரணம் கோயிலின் கரவன், கார் இழுத்துச் செல்லும் சிறு வீட்டு வண்டி. கோயில் நிர்வாகசபையில் இருந்த தவராசா அங்கிள், ஏதோ ஒரு பண்ணையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த, அம்மாவைவிட வயது கூடிய, மூக்கு வளைந்த கரவன் ஒன்றை வாங்கிக் கோயிலுக்குக் கொடுத்திருந்தார். தேர்த் திருவிழாவன்று அதன் யன்னலைத் திறந்து, வெயிலில் தேரிழுக்கும் சனத்துக்கு மோரும் சர்க்கரைத் தண்ணீரும் கொடுப்பது திட்டம். ஆனால் கோயில் வாசல் மேட்டில் ஏறும்போதே அதன் அச்சு முறிந்து, இடது சக்கரம் உள்ளே சரிந்துவிட்டது. தேருக்கு ஒன்பது நாள் இருந்தது. விசாரித்த இடங்களிலெல்லாம் இத்தனை பழைய வண்டிக்கு ஒரு மாதமாவது வேண்டும் என்றார்கள்.

அன்று பின்னேரமே அங்கிள் எங்கள் வீட்டுக்கு வந்து, கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, கொடுத்த தேநீரையும் குடிக்காமல் சொன்னார்: "தங்கச்சி, உங்களை விட்டா ஆருமில்லை. தேரண்டு மைக்கில உங்கட பேரைச் சொல்லுவம்."

பேரொன்றும் வேண்டாம் அண்ணை என்று அம்மா சொன்னார். சொன்ன விதத்தில், வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. கிரான்பர்ன் வந்து நான்கு வருடத்தில், "பக்டறியில வேலை செய்யிற பிள்ளை" என்பதற்கு மேல் கோயிலில் அம்மாவுக்குப் பெயர் இருக்கவில்லை.

கரவன் ஒரு லொறியின் முதுகில் ஏறி எங்கள் வாசலுக்கு வந்தது. முறிந்த இடத்தை ஒட்டித் தந்தால் போதும் என்பதுதான் அங்கிளின் எண்ணம். அம்மா மறுத்துவிட்டார், முறிந்ததை ஒட்டினால் அடுத்த மேட்டில் பக்கத்தில் முறியும் என்றார். தொழிற்சாலையில் கேட்டு, புதிய சதுர இரும்புக் கம்பம் ஒன்றும் சக்கரம் கோக்கும் இரண்டு முனைகளும் கொண்டுவந்தார். நான் பழைய கணக்குக் கொப்பி ஒன்றில் செய்யவேண்டியவற்றை வரிசையாக எழுதினேன். அப்போதே எனக்கு எதையும் இலக்கமிட்டு எழுதினால்தான் நெஞ்சு ஆறும். மற்றச் சக்கரத்துக்குக் கட்டை வைப்பதில் தொடங்கி, கடைசி நட்டுக்குக் குறுக்கே ஊசி செருகி வளைப்பது வரை முப்பத்தொரு வரிகள். அம்மா கரவனுக்குக் கீழே முதுகில் படுத்தபடி முடிந்ததைச் சொல்ல, நான் சரி போடுவேன். கோடை வெளிச்சம் ஒன்பது மணி வரை இருந்தது. தெருவால் போன இரண்டு அன்ரிமார் காரை மெதுவாக்கிப் பார்த்துவிட்டுப் போனதையும் ஓரத்தில் குறித்துவைத்தேன்.

வெல்டிங் ஆறியதும், அம்மா அதன் பக்கத்தில் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி ஓர் இலக்கம் பொறித்தார்: 14. தொழிற்சாலையில் ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம்; தான் ஒட்டியது பிழைத்தால் தானே பதில் சொல்லவேண்டும் என்பதற்காக அவரவர் இலக்கத்தை அவரவரே அடிப்பார்களாம். அது என் பட்டியலில் இல்லாத வேலை. முப்பத்திரண்டு என்று எழுதிச் சேர்த்துக்கொண்டேன்.

தேரன்று அம்மா நீலச் சேலை உடுத்தினார். முதல் நாளே மினுக்கி மடித்து வைத்த சேலை. கரவன் வெள்ளையும் பச்சையுமாகப் புதுப் பூச்சில் நின்றது. யன்னலுக்கு மேலே பெரிய எழுத்தில் "உபயம்: தவராசா குடும்பம்". அதுவரை எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வாங்கிக் கொடுத்தவர் அவர்தானே. பிறகு அவர் மைக்கை எடுத்தார். கரவன் வந்த கதை, அச்சு முறிந்த கதை எல்லாம் சொன்னார். அம்மா மோர்க் கோப்பையைக் கையில் வைத்தபடி குடிக்காமல் நின்றார். "பக்கன்ஹமில ஒரு வெள்ளைக்காரர், கெட்டிக்காரன், அஞ்சு நாளில செய்து தந்தவர். பயப்பிடாமக் கிட்ட வாங்கோ" என்றார் அங்கிள்.

கார் நிறுத்துமிடத்தில் அம்மா அவரை மறித்து ஏன் என்று ஒரே கேள்வி கேட்டார். அங்கிள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கோவிக்காதேங்கோ தங்கச்சி. பொம்பிளை ஒட்டினதெண்டா சனம் பயப்பிடும். ஒருத்தரும் கிட்ட நிண்டு மோர் குடிக்காதுகள்" என்றார்.

அம்மா "ஓம்" என்றார். நீலச் சேலை அதன்பிறகு கோயிலுக்கு வரவில்லை.

நான் கொப்பியைத் திருப்பி, கடைசிப் பக்கத்தில் இன்னொரு பட்டியல் தொடங்கினேன். அடுத்த வெள்ளி, பிரசாத வரிசையில், பலர் கேட்க மரியாதையாகக் கேட்டேன்: "அங்கிள், அந்த வெள்ளைக்காரற்ற பேர் என்ன?"

அவர் ஒரு நொடி தடுமாறி, "பீட்டர், பிள்ளை" என்றார். எழுதிக்கொண்டேன்.

ஒவ்வொரு வெள்ளியும் ஒரு கேள்வி. அதற்கு மேல் கேட்டால் சந்தேகம் வரும். பீட்டருக்குச் செந்தாடி முளைத்தது. பிறகு ஒரு நாய் வந்தது. இடது கையில் இரண்டு விரல்கள் ஏதோ இயந்திரத்தில் போயின. தங்கள் டிரெய்லரையும் பீட்டரிடம் காட்டவேண்டும் என்று ஒருவர் தொலைபேசி இலக்கம் கேட்டபோது, பீட்டர் குயின்ஸ்லாந்துக்குப் போயிருந்தார். இன்னொருவர் கேட்டபோது அவருக்கு நாரிப்பிடிப்பு, முதுகு நிமிர்த்த முடியாது. ஒருமுறை அங்கிள் சொன்ன பீட்டருக்கு மனைவி இறந்திருந்தாள். இரண்டு மாதம் கழித்து அவளே அங்கிள் வீட்டில் ரோல்ஸ் சாப்பிட்டு நல்லாயிருக்கு என்றிருந்தாள். நான் இரண்டு வரிகளுக்கும் இடையே சிவப்புப் பேனையால் கோடு இழுத்தேன். அம்மாவுக்கு இந்தப் பக்கம் தெரியாது.

அடுத்த தேருக்கு ஒரு மாதம் இருக்கும்போது, கோயில் தலைவரின் மனைவியிடம் போய் அன்ரி, பீட்டருக்கு ஒரு பொன்னாடை போர்த்தினால் எவ்வளவு நல்லாயிருக்கும் என்று சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்தது. மிச்சத்தைப் பெரியவர்கள் செய்தார்கள். வெள்ளைக்காரருக்குப் பொன்னாடை என்றதும் நிர்வாகசபை துள்ளியது. படம் பிடிக்க ஆள் ஒழுங்கானது. மறுத்துச் சொல்ல அங்கிளிடம் ஒரு காரணமும் மிஞ்சவில்லை. நாரிப்பிடிப்பு, குயின்ஸ்லாந்து எல்லாம் முடிந்துவிட்டன.

தேரன்று அவர் ஒருவரைக் கூட்டி வந்தார். முகம் மழமழவென்று சவரம் செய்த, உயர்ந்த மனிதர். பத்து விரல்களும் இருந்தன. அங்கிளின் பக்கத்து வீட்டுக்காரர், ஓய்வுபெற்ற பட்டறைத் தொழிலாளி அவர் என்பதும், மதியச் சாப்பாட்டுக்கு என்று மட்டும் சொல்லி அழைக்கப்பட்டவர் என்பதும் பிறகு தெரிந்தது. வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், "விரல் திரும்பி முளைச்சிட்டுதோ?" என்று கேட்க, பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

பொன்னாடையை விரித்தபடி தலைவர் ஆங்கிலத்தில் அச்சைப் பற்றிப் புகழ்ந்தபோது அந்த மனிதர் திகைத்துப்போனார். அவர் நல்ல மனிதர்; பொய்க்குத் தலையாட்டத் தெரியவில்லை. தான் இந்த வண்டியை இன்றுதான் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, எல்லாரும் பேசுகிறார்களே என்ற ஆவலில் குனிந்து கீழே பார்த்தார். நிமிர்ந்து, இது மிகச் சுத்தமான வேலை, இதைச் செய்தவர் தன் இலக்கத்தையும் அடித்திருக்கிறார், யார் அந்தப் பதினாலு என்று கேட்டார். மைக் அவர் வாய்க்கு முன்னால்தான் இருந்தது.

ஒரு வருடமாக நான் தயார் செய்து வைத்திருந்த வசனம் நீளமானது. வாயில் வந்தது சின்னது: "பதினாலு எங்கட அம்மா."

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அங்கிள் தரையைப் பார்த்தார். தலைவர் மன்னிப்புக் கேட்கிற சிரிப்போடு பொன்னாடையை அம்மாவின் பக்கம் கொண்டுவந்தார். அம்மா கையை உயர்த்தி அதைத் தடுத்தார், குரலை உயர்த்தவில்லை.

"எனக்கு வேண்டாம். பீட்டருக்கெண்டு வாங்கினது, அவர் வந்தாப்பிறகு போடுங்கோ. அதுவரைக்கும் நான் உங்கட வண்டிக்குக் கீழ படுக்கமாட்டன்."

செருப்பு வைக்கும் இடத்தில் அங்கிளின் மனைவி முகத்தை மூடிக்கொண்டு நின்றார். அவர்களின் மகள் தமிழ்ப் பள்ளியில் என் பக்கத்தில் ஒரே வாங்கில் இருந்தவள். அதன்பிறகு வேறு வாங்குக்குப் போய்விட்டாள். அதையும் கொப்பியில் எழுதினேன். விலை என்று தலைப்பிட்டேன். அதைக் கோடிட்டு அழிக்கவில்லை.

அம்மா சொன்ன சொல்லில் நின்றார். அடுத்த வருடம் சக்கரத்தில் சத்தம் கேட்கிறது என்று இரண்டு பேர் வந்தார்கள். சக்கரத்துக்குள் சுழலும் பெயரிங்கைக் கழற்றிக் கிரீஸ் மாற்றும் ஒரு மணி நேர வேலை. அம்மா தேநீர் கொடுத்து அனுப்பினார். யாரிடம் கொடுக்கலாம், யாரிடம் கூடாது என்று சபை சண்டை பிடித்துக்கொண்டிருக்க, கரவன் கோயில் மண்டபத்துக்குப் பின்னால் நின்றது. காற்றுப் போன ரயர்கள் புல்லுக்குள் இறங்கின. கூரை ஒழுகி, பலகைச் சுவர் ஊதிப் பெயர்ந்தது. உபய எழுத்துகள் ஒவ்வொன்றாக உரிந்து, கடைசியில் "குடும்பம்" மட்டும் மிஞ்சியது.

இப்போது நான் இயந்திரப் பொறியியலாளர்; டிரெய்லர்களின் சட்டமும் அச்சும் பாரம் தாங்குமா என்று கணக்கிட்டுக் கையொப்பம் வைப்பது என் வேலை. வாசலில் செய்த அச்சு எதற்கும் இன்று நான் கையொப்பம் வைக்கமாட்டேன். ஆனாலும் கோயில் அந்தக் கரவனைப் பழைய இரும்புக்குக் கொடுத்த அன்று அளவுநாடாவோடு போய்க் கீழே படுத்துப் பார்த்தேன். மேலே இருந்ததெல்லாம் உக்கியிருந்தது. அச்சு ஒரு மில்லிமீற்றரும் வளையவில்லை. துருவைச் சுரண்ட 14 தெரிந்தது. பிறகு லொறி அதைக் கொண்டுபோயிற்று. இப்போது தேரன்று கடையில் வாங்கிய தண்ணீர்ப் போத்தல்கள்தான். மோரும் இல்லை, அது யாருடைய உபயம் என்று கேட்பாரும் இல்லை.

போன மாதம் தவராசா அங்கிள் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் மெலிந்திருந்தது. பேரன் ஆசையாகப் பழைய கரவன் ஒன்று வாங்கியிருக்கிறானாம், அச்சில் வெடிப்பாம். "பிள்ளை, நீர் இந்தத் துறையில எண்டு சொல்லிச்சினம். உமக்குத் தெரிஞ்ச நல்ல ஆக்கள் ஆரும் இருக்கினமோ?"

அவசரப்படாமல் சொன்னேன்: "பக்கன்ஹமில ஒருத்தர் இருந்தவரெல்லோ அங்கிள். செந்தாடிக்காரர்."

அங்கிள் தொலைபேசியை வைத்துவிட்டார்.

குசினியிலிருந்து அம்மா "ஆர்?" என்று கேட்டார். தவராசா அங்கிள், பீட்டரைத் தேடுகிறார் என்றேன். அம்மா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை.

"நம்பர் குடுத்தனியோ?" என்று கேட்டார்.