சவரிராஜ் கட்டிய மின்னல் காயில்

சாத்தூரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஆனாலும் புகைந்து போன மோட்டார் மறுநாளே ஓட வேண்டுமென்றால் சவரிராஜிடம்தான் வருவார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்து வைத்திருந்ததுதான் வினை. தண்ணீர் மோட்டார் கட்டிக் கட்டி அலுத்துப்போன மனுசனுக்கு, யாரும் கட்டாத ஒன்றைக் கட்டிப் பார்க்க வேண்டும் என்ற அரிப்பு நாற்பத்தாறு வயதில் வந்து சேர்ந்தது.

மதுரையில் பழைய புத்தகக் கடையில் ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அதில், மின்னல் மாதிரி பொறி விடுகிற டெஸ்லா காயில் என்ற கருவியின் படம் இருந்தது. பள்ளிக்கூட டீச்சரான மனைவி ஜெயக்கொடி அதை வரி வரியாக வாசித்து அர்த்தம் சொல்ல, 2004ஆம் ஆண்டு கோடை முழுக்க அதே வேலையாகக் கிடந்தார். அரையடி அகல பிளாஸ்டிக் குழாயில் மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரத்து ஐந்நூறு சுற்றுச் சுற்றினார். சுற்றின் மேல் சுற்று ஏறக்கூடாது, நடுவில் இடைவெளியும் விழக்கூடாது. கடைகளின் நியான் விளக்குப் பெயர்ப்பலகைக்கு வைக்கிற டிரான்ஸ்பார்மர் இரண்டைப் பழைய இரும்புக் கடையில் பிடித்தார். இருபத்து நாலு சோடா பாட்டில்களில் உப்புத் தண்ணீர் ஊற்றி, வெளியே அலுமினியத் தாள் சுற்றி, மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற அடுக்கு ஒன்றைச் செய்தார். உச்சியில் இரண்டு அலுமினியச் சட்டிகளை வாயோடு வாய் வைத்துக் கவிழ்த்தார். கடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு நின்ற அதைப் பார்த்து, தண்ணீர்த் தொட்டி கட்டுகிறாரா என்று தெருவில் கேலி பேசினார்கள்.

முதல் தடவை பொறியே வரவில்லை. இரண்டாம் தடவை நாலு பாட்டில் வெடித்தது. மூன்றாவது தடவை, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருட்டுகிற நேரத்தில், சட்டியின் விளிம்பிலிருந்து மூன்றடி நீளத்துக்கு ஊதா மின்னல் படபடவென்று கிளம்பியது. தெருவே கூடிவிட்டது. சவரிராஜுக்குத் தலைகால் புரியவில்லை. கம்பியே இல்லாமல் டியூப் லைட் எரியும், யாராவது கையில் பிடியுங்கள் என்றார். மீசை வைத்த ஆண்கள் எல்லாம் ஓரடி பின்னால் போனார்கள். பக்கத்து வீட்டுப் பாண்டிச்செல்விதான் முன்னால் வந்தாள். புருசன் இல்லாமல் இரண்டு பெண் பிள்ளைகளை வளர்க்கிறவள், வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிறவள். அவள் கையில் டியூப் லைட் வெள்ளையாக எரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஜெயக்கொடிக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. மருந்தில் கை வைக்கிற பொம்பிளையிடமா அதைக் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே கடிந்துகொண்டாள். சவரிராஜ் சிரித்தார்.

பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறைக்குள் போகிறவர்கள், வாசலில் அடித்திருக்கும் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் போக வேண்டும். நைலான் சேலை கட்டக்கூடாது. உடம்பில் கரண்டு இருக்கும், அது தகடு வழியாகத் தரையில் இறங்கட்டும் என்று போர்மேன் நல்லசிவம் தினமும் சொல்வார். அதனால் உடம்பில் கரண்டு ஏறும் என்பது அங்கே யாருக்கும் புதிய சேதி இல்லை. கம்பெனியே சொல்லிக் கொடுத்ததுதான்.

அந்த வியாழக்கிழமை, பாண்டிச்செல்விக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருந்த பாலம்மாளின் மடியருகே மருந்து குப்பென்று பற்றியது. உயிர் தப்பினாள். இரண்டு கையும் வெந்துபோனது. வேலையாட்களை ஏற்றி வருகிற சாயங்கால வேன் ஊருக்குள் வருவதற்குள் காரணமும் முடிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை உடம்பில் மின்னலை வாங்கியவள் வேறு யார்? நல்லசிவம் அவளை வேலைக்கு வர வேண்டாம் என்றார். அடுத்த கம்பெனியிலும் அதே பேச்சு. வேன்களுக்கு நாலு சக்கரம் என்றால் வேனில் ஏறிய பேச்சுக்கு எட்டுச் சக்கரம்.

சனிக்கிழமை காலையில் பாண்டிச்செல்வி கடை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, அம்புட்டு நாளும் அந்தக் கரண்டு ஒடம்புல தங்குமா? தங்காதுன்னா நீங்க வந்து போர்மேன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாக."

தங்காது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். வெறுங்காலோடு மண்ணில் நின்றவள் உடம்பிலிருந்து அது அந்தக் கணமே இறங்கியிருக்கும். ஆனால் கம்பெனிக்குப் போலீஸ் வந்திருக்கிறது என்று காலையில்தான் கேள்விப்பட்டிருந்தார். விபத்து நடந்தால் கைக்கு அகப்பட்டவன் மேல் வழக்குப் போடுவார்கள் என்பது அந்தப் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். சவரிராஜ் பயந்தார். இதை வேறு எப்படிச் சொல்வது? பயந்தார், அவ்வளவுதான். பார்ப்போம் தாயி, நாளைக்கு வருகிறேன் என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அன்று மதியமே கடையை அடைத்துவிட்டுக் காயிலைப் பிரித்துக் கம்பியை உருவிப் போட்டார்.

நாளைக்குப் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. பத்தாம் நாள் பாண்டிச்செல்வி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து நல்லசிவம் தோட்டத்து மோட்டாரைக் கட்டக் கொண்டுவந்தார். பேச்சோடு பேச்சாக, பாலம்மாள் உட்கார்ந்த பலகையில் இரும்பு ஆணி ஒன்று மேலே எழும்பியிருந்ததாம், அது உரசித்தான் தீப்பிடித்ததாம் என்றார். வெளியே சொன்னால் கம்பெனிக்குச் சிக்கல் என்றும் சொன்னார். சவரிராஜ் தலையாட்டிக்கொண்டே மோட்டாரைக் கழற்றினார். பாண்டிச்செல்விக்குச் சொல்லி அனுப்ப விலாசம் இல்லையே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். அவளுடைய அக்காள் அடுத்த தெருவில்தான் இருந்தாள்.

ஐந்து வருடம் போனது. மனுசன் நல்ல வேலைக்காரராகத்தான் இருந்தார், சிரிப்பு மட்டும் குறைந்துவிட்டது. தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டிச்செல்வி எதிரே வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. கையில் துணிக்கடைப் பை. சௌக்கியமா அண்ணாச்சி என்று பழையபடியே கேட்டாள். கோபம் எதுவும் இல்லை. அதுதான் அவரைக் கொன்றது. அக்காள் வீட்டுக்கா என்று கேட்டார்.

"பாலம்மாளப் பாக்கப் போறேன். வருசா வருசம் பொங்கலுக்கு அவளுக்கு ஒரு சேலை எடுத்துட்டு வந்து, கையோட கட்டிவிட்டுட்டுப் போவேன். வெரல் மடங்காதுல்ல அவளுக்கு, தானாக் கட்ட முடியாது. நான் செஞ்ச பாவந்தான?"

சவரிராஜ் பஸ் ஸ்டாண்டு கூட்டத்தில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கரண்டு உடம்பில் தங்காது என்பதை, பலகை ஆணியை, தனக்கு அப்போதே தெரியும் என்பதை.

பாண்டிச்செல்வி பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"போர்மேன்கிட்ட நீங்க சொல்லாட்டியும் போகுது அண்ணாச்சி. வேலை போனாப் போகட்டும். எங்கிட்டயாவது அன்னைக்குச் சொல்லியிருக்கலாம்ல?"

வெம்பக்கோட்டை பஸ் வந்தது. அவள் அதில் ஏறி, பாலம்மாளைப் பார்க்கப் போனாள்.