எட்டு எம்.எம்.முக்குக் கீழே ஏழு சல்லடை

எங்கள் அப்பாவைப் பொறுத்தவரை உலகத்தில் எந்தப் பொருளும் ஏதாவது ஒரு சல்லடையில் நின்றாக வேண்டும். போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் அவருக்குத் தரம் பிரிக்கும் வேலை. மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் காயைச் சலித்து எட்டு எம்.எம்., ஏழு எம்.எம்., ஆறு எம்.எம். என்று தனித்தனியாகக் குவிப்பார். எதிலும் நிற்காமல் விழுந்துகொண்டே போகிற சாமானை அவர் மதித்ததில்லை. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, இனி வேதியியல்தான் படிப்பேன் என்று நான் போய் நின்றபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "கண்ணுல படாத சாமானப் படிச்சு என்ன சோலி பாக்கப் போற?"

நான் படித்த பள்ளியில் மேல்வகுப்புக்கு வணிகப் பிரிவு மட்டும்தான் இருந்தது. அறிவியல் வேண்டுமென்றால் தினமும் தேனிக்குப் பஸ் ஏற வேண்டும். அப்பா முடியாது என்றும் சொல்லவில்லை, விண்ணப்பத்தில் கையெழுத்தும் போடவில்லை. அது பீரோ மேல் கிடந்தது. கொடுக்கக் கடைசி நாள் வருகிற திங்கட்கிழமை. எனக்கோ வீம்பு அதிகம். சாப்பிட உட்கார்ந்த இடத்தில், மூலக்கூறுக்கும் சைஸ் உண்டு, வேண்டுமானால் அளந்தே காட்டுகிறேன் என்று சொல்லித் தொலைத்தேன்.

அப்பா சோறு பிசைவதை நிறுத்தினார். "எட்டு எம்.எம்.முக்குக் கீழ எத்தன சல்லடை எறங்கணும்?"

"பத்துப் பத்து மடங்கா சின்னதாக்கிட்டே போனா ஏழு சல்லடைப்பா."

"சரி. புத்தகத்துல போட்டிருக்குறத மொதல்ல எழுதி என் கையில குடு. பெறகு நீயா அள. ஒரு சல்லடைக்குள்ள வந்துச்சுன்னா கையெழுத்து. வரலைன்னா காமர்ஸ். அப்பறம் மூக்கச் சிந்திக்கிட்டுத் திரியக் கூடாது."

நூலகத்துப் புத்தகத்திலிருந்து நான் எழுதிக் கொடுத்தேன்: எண்ணெய் மூலக்கூறு ஒன்றின் அளவு, ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் ஏறக்குறைய இரண்டு பங்கு. அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அளக்கும் வழியும் அதே புத்தகத்தில் இருந்தது. தண்ணீரின் மேல் எண்ணெய்த் துளி ஒன்றை விட்டால், ஒரே ஒரு மூலக்கூறு தடிமனுக்கு மெலியும்வரை அது பரவும். துளியின் கன அளவைப் பரவிய பரப்பால் வகுத்தால் கிடைக்கிற தடிமன்தான் மூலக்கூறின் அளவு. பரவியது கண்ணுக்குத் தெரியாது என்பதால், முன்கூட்டியே தண்ணீரின் மேல் ஏதாவது லேசான தூளைத் தூவ வேண்டும். எண்ணெய் அதை ஒதுக்கித் தள்ளி வட்டம் போடும்.

லேசான தூளுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமா? கடையில் காயைத் தேய்த்துச் சுத்தம் செய்யும்போது உதிர்கிற தூசியை அப்பா பொட்டலம் கட்டிக்கொண்டு வருவார். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளில் டீக்கு அதுதான். அதில் ஒரு கைப்பிடி எடுத்துச் சலித்துக்கொண்டேன். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, தூசியைத் தூவினேன். மெல்லிய கம்பி நுனியில் தேங்காயெண்ணெய் தொட்டு, அரை மில்லிமீட்டர் துளியாக ஸ்கேலில் வைத்து லென்ஸால் பார்த்து அளந்துகொண்டேன். அப்பாவும் அம்மாவும் பக்கத்தில் நிற்க, தண்ணீரைத் தொட்டேன்.

இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வட்டம் விழுந்தது. அவ்வளவுதான், நின்றுவிட்டது.

கணக்குப் போட்டால் புத்தகத்தில் இருப்பதைப்போல் இருபத்தைந்து மடங்கு வந்தது. அப்பா பையிலிருந்து தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தார். "ஒரு சல்லடை தாண்டிருச்சே ஆத்தா. ஒரு எம்.எம். தப்புனாலே காயத் திருப்பிக் கொட்டிருவாக" என்றார். அவர் குரலில் கேலி இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அன்றைக்கு வியாழன். வெள்ளி, சனி இரண்டு நாளும் அதே கூத்துதான். தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன். தலைக்கு வைத்த எண்ணெய் கையில் இருக்குமோ என்று சோப்புப் போட்டுக் கழுவிக் கழுவித் தோல் சுருங்கியது. துளியைச் சின்னதாக்கினேன், பெரிதாக்கினேன். தட்டுக்கு ஏழெட்டுக் குடம் தண்ணீர் போனதில் அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "எண்ணெயத் தண்ணியில ஊத்தி வெளையாடுற வயசாடி? வெரசா எந்திரிச்சு வா" என்று சத்தம் போட்டாள். நான் எழுந்திருக்கவில்லை. அழுகை வந்தது, அழுதுகொண்டே அடுத்த தட்டைக் கழுவினேன்.

ஞாயிறு காலையில் துளியே விடாமல், தூசியை மட்டும் தூவிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளைத் தள்ளிவிட்டு விலகி நின்றது. தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பியதும் தண்ணீர் முழுக்க மினுமினுப்பு. அப்புறம்தான் என் மரமண்டையில் ஏறியது: ஏலக்காய்க்கு வாசம் கொடுப்பதே அதில் இருக்கும் எண்ணெய்தானே! ஊரே அந்த எண்ணெயை நம்பிப் பிழைக்க, அந்த ஊரில் பிறந்த நான் அதைத் தூளாக்கித் தூவிவிட்டு, என் துளிக்கு இடமில்லையே என்று மூன்று நாள் மாரடித்திருக்கிறேன்.

அம்மாவின் பவுடர் டப்பாவை அவளைக் கேட்காமலே எடுத்தேன். புதுத் தண்ணீர், பவுடர், அதே அரை மில்லிமீட்டர் துளி. அப்பாவைக் கூப்பிட்டுவிட்டுத் தொட்டேன். பவுடர் படக்கென்று விலகி ஒரு சாண் அகலத்துக்கு வட்டம் திறந்தது. அப்பாவே ஸ்கேலை வாங்கிக் குறுக்கே பிடித்தார். இருபது சென்டிமீட்டர். நான் வகுத்தேன்: ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. அப்பா தாளைப் பிரித்தார். நூறு கோடியில் இரண்டு என்று மீட்டரில் எழுதிக் கொடுத்திருந்தேன். இரண்டும் ஒன்றுதானா என்று சைபரை விரல் வைத்து மூன்று தடவை எண்ணினார்.

விண்ணப்பத்தை அவரே எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகும் பேனாவை மூடவில்லை.

"எறங்குற மாதிரி மேல ஏறவும் செய்யலாமா?"

"ஏறலாமே. ஒவ்வொண்ணுக்கும் பத்து மடங்கு."

"தேனி எத்தனையில நிக்கும்?"

"மீட்டர்ல பத்தோட நாலாம் அடுக்குப்பா. பத்தாயிரம் மீட்டர்."

"அதுக்கு மேல?"

"அஞ்சுன்னா மதுரை. ஆறுன்னா டெல்லிப் பக்கம். ஏழுன்னா கடல் தாண்டி வெளிநாடு. எட்டுக்குப் போனா பூமியவே விட்டுரணும்."

அப்பா பேனாவை மூடினார். "ஏழோட நிறுத்திக்கிருவம்" என்றார்.

அப்பாவுக்கும் கணக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அடுப்படிக்கு ஓடி அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் கடல் தாண்டி, அந்த ஏழாம் அடுக்கில் வந்து வேலை பார்க்கத் தொடங்கிப் பல வருஷமாகிறது. அப்பா அன்றைக்குக் கேட்டது கணக்கு இல்லை. மகள் எவ்வளவு தூரம் போய்விடுவாள் என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னேன்.