காய்ச்சல் பாணிக்கு ஒரு துண்டு

யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் என் மூன்று வயது மகள் நிலாவைப் பகலில் பார்த்துக்கொள்பவர் மலர் ரீச்சர். அன்று நிலாவுக்கு இலேசான காய்ச்சல். பரசிற்றமோல் மருந்துப் பாணிப் போத்தலை நீட்டினேன். "இனிப்போ, கசப்போ?" என்று கேட்டுவிட்டு அலுமாரியில் வைத்தார். வேறொன்றும் கேட்கவில்லை.

"எட்டு மணிக்குக் குடுத்தனான். பேந்தும் காய்ஞ்சால் மத்தியானம் குடுங்கோ," என்றேன்.

"ஓம் அக்கா, யோசியாமல் போங்கோ."

சத்திரசிகிச்சை முடிந்த அப்பாவைப் பார்க்க லண்டனிலிருந்து நான்கு மாத விடுப்பில் வந்திருந்தேன். அங்கே இதே பாணிக்காக இரண்டு நாள் அலைந்திருக்கிறேன். டொக்டர் எழுதித் தரும் துண்டு இல்லாமல் நிலாவின் நேசரியில் ஒரு கரண்டிகூடக் கொடுக்கமாட்டார்கள். டொக்டரோ, "கடையில் வாங்கும் மருந்துக்குத் துண்டு எதற்கு? தாய் சொன்னால் போதுமே," என்றார். நேசரிப் பொறுப்பாளரிடம் அதைச் சொன்னேன். அவர் அன்போடு சிரித்தார். "அப்படியானால் அதையே டொக்டரை எழுதித் தரச் சொல்லுங்கள்." எங்களூரில் இப்படி நடக்குமா என்று அன்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன்.

அப்பாவின் காயத்துக்கு மருந்து கட்டுவித்து மத்தியானம் திரும்பினால், ரீச்சர் கரண்டியோடு நிற்கிறார்; நிலா வாயைத் திறந்தபடி.

"பத்து மணிக்கும் குடுத்தனான் அக்கா. பிள்ளை அனலாய்க் கொதிச்சுது, பாக்கப் பாவமாய்க் கிடந்தது."

கரண்டியைப் பறித்தேன். அப்போது நான் கத்தியதை நினைத்தால் இன்றும் கூசுகிறது. சுன்னாகத்து டொக்டருக்கு அழைத்தேன். அவர் அளவு, நேரம், பிள்ளையின் நிறை எல்லாம் கேட்டார். அளவையும் நேரத்தையும் ரீச்சர்தான் பிசகாமல் சொன்னார்.

"பயப்பிடாதேங்கோ. இண்டைக்கு இனிக் குடுக்க வேண்டாம். சாப்பிட்டதைச் சத்தி எடுத்தால் உடனை கொண்டு வாங்கோ," என்றார் டொக்டர்.

மாலைவரை நிலா ரீச்சரின் மடியில் கிடந்தாள், இறங்க மறுத்தாள். லண்டனில் அந்தப் பத்து மணிக் கரண்டி நடந்திராது. ஆனால் கொதிக்கும் பிள்ளையை அங்கே யார் இவ்வளவு நேரம் மடியில் வைத்திருப்பார்கள் என்றும் யோசித்தேன். காய்ச்சல் விட்டு அவள் பிஸ்கற் கேட்டபோதுதான் எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது.

"லண்டனிலை மருந்து குடுக்கிறது என்னமாதிரி அக்கா?" என்று ரீச்சர் கேட்டார். சொன்னேன்.

"துண்டு கேக்கிறது விசர் வேலை. குடுத்த மணியை எழுதிவைக்கிறது நல்லதுதான்."

அவரே ஒரு கொப்பியில் கோடு போட்டார். மருந்து, அளவு, நேரம், கையெழுத்து. நான் நிரப்பிக் கையெழுத்திட்டேன். அவர் குனிந்து பார்த்தார்.

"உது என்ன எழுத்து அக்கா? தமிழிலை போடுங்கோ."

தமிழில் எனக்குக் கையெழுத்தே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்த ஆங்கிலக் கிறுக்கலின் கீழே, முதலாம் வகுப்புப் பிள்ளையைப்போல், ஒவ்வோர் எழுத்தாக என் பெயரை எழுதினேன்.